கதிர்காமத்து வேனில் அயன் பெட்டிக்கு இடமுண்டா?

ஆடி பிறந்துவிட்டால் பதுளைத் தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்கு வேன்கள் இறங்கத் தொடங்கிவிடும். எல்ல வழியாக வருகிறவர்களும், அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வருகிறவர்களும் வெல்லவாயவில் ஒன்று சேர்ந்து, புத்தளப் பாதையில் தெற்கே போவார்கள். வேனுக்குள் அரிசி, சட்டிபானை, பாய், தார்ப்பாய், பிள்ளைகள், பாட்டிமார் எல்லாம் இருக்கும். இரண்டு மூன்று இரவுக்கு அந்த வண்டிதான் வீடு, அதன் நிழல்தான் சமையலறை. மேல்நாடுகளில் கேரவன் வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்களே, அதற்கு நம்மிடம் இருக்கும் நிகர் இந்த வேன் பயணம்.

சாமியைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கசங்கிய வேட்டியோடு நிற்க மனம் வராது. வருடம் முழுக்க மலைச்சரிவில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிற பெண், திருவிழாவில் மடிப்புக் குலையாத சேலையோடு நிற்க விரும்புவது மிக நியாயமான ஆசை. அதனால் பல வேன்களில் அயன் பெட்டியும் ஏறிவிடுகிறது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து. வேட்டி கசங்கியிருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கசங்கலை நீக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது தண்ணீர். சூடு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். ஊவாவின் காற்றோ ஆடி மாதத்தில் துணிக்கு அத்தனை அனுகூலமாக வீசுகிறது.

துணி ஏன் கசங்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பருத்தி நூலின் உடம்பு செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் அருகருகே கிடக்கின்றன. ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியே எடுத்தால் இவை வலுவற்றவை. எண்ணிக்கையில்தான் இவற்றின் பலம். சங்கிலிகள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இடங்களில் தண்ணீர் புக முடியாது. ஒழுங்கற்று நெகிழ்ந்து கிடக்கும் இடங்களில் அது எளிதாகப் புகுந்து, இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே இருந்த பிணைப்பைப் பிரித்துத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. அப்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர முடியும். தண்ணீர் வெளியேறியதும் சங்கிலிகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

கசங்கலும் இதுதான், அயன் பண்ணுவதும் இதுதான். நான்கு மணி நேரம் வேன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முதுகிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வியர்வை ஈரத்தைத் தருகிறது, உடம்பு சூட்டைத் தருகிறது, சீட்டு அழுத்தத்தைத் தருகிறது. மூன்றும் சேர்ந்து துணியை மடிந்த நிலையில் இளக்குகின்றன. எழுந்து நின்றதும் காற்றுப் பட்டு ஈரம் போக, மடிப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. அயன் பெட்டி செய்வதும் ஈரம், சூடு, அழுத்தம் என்ற அதே மூன்றைத்தான். தட்டையாக வைத்துச் செய்கிறது என்பதொன்றே வேறுபாடு.

இதில் ஈரத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவு உண்டு. முற்றாகக் காய்ந்த பருத்தியின் நெகிழ்ந்த பகுதிகள் இளகுவதற்கு 200 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் துணி பழுப்பேறத் தொடங்கிவிடும். நனைந்த பருத்திக்கோ சாதாரண அறை வெப்பமே போதும். சொரசொரவென்று காய்ந்துபோன சட்டையை எத்தனை தரம் தேய்த்தாலும் கோடு போகாது. கையால் தண்ணீர் தெளித்துச் சுருட்டிவைத்துப் பிறகு தேய்த்தால் ஓர் இழுப்பில் போய்விடும். வண்ணார் வீடுகளிலும் தையற்கடைகளிலும் தண்ணீர் தெளித்துவிட்டுத் தேய்ப்பதன் காரணம் இது.

இன்னொரு சங்கதியும் இதிலிருந்து புரிகிறது. அயன் பண்ணிய சட்டையைச் சூட்டோடு மாட்டிக்கொண்டு வேனில் ஏறினால், அந்தச் சட்டையில் இன்னும் சூடும் கொஞ்சம் ஈரமும் மிச்சம் இருக்கிறது. சங்கிலிகள் இன்னும் முழுதாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. ஹாலி எல தாண்டும் முன்பே அது கசங்கிவிடும். கட்டுநாயக்க வலயத்து ஆடைத் தொழிற்சாலைகளில் அயன் பிரிவில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே அயன் மேசைக்குக் கீழே காற்றை உறிஞ்சும் விசிறி இருக்கும். நீராவி அடித்து, அழுத்தி, உடனே காலால் மிதித்து உறிஞ்சியை இயக்குவார்கள். துணி மேசையில் தட்டையாக இருக்கும்போதே ஈரமும் சூடும் கீழே இழுபட்டுப் போய்விடும். அதனால்தான் அந்த மடிப்பு கப்பலேறிக் கடல் கடந்தும் நிற்கிறது. வீட்டில் அந்த மேசை இல்லாவிட்டாலும், தேய்த்த சட்டையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு ஆறவைத்தால் பாதிப் பலன் கிடைக்கும்.

இனி வேனுக்குள் அயன் பெட்டியை இயக்க முடியுமா என்று பார்ப்போம். சாதாரண அயன் பெட்டி ஒன்று 1000 வாட் மின்சாரம் தின்னும். டாஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் துளையின் பியூஸ் வழக்கமாக 10 முதல் 15 ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். போன் சார்ஜ் பண்ணலாம், அயன் பண்ண முடியாது. பற்றரியிலேயே நேராக இன்வெர்ட்டர் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 12 வோல்ட், 70 ஆம்பியர் மணி பற்றரி ஒன்றில் முழுக் கணக்கில் 840 வாட் மணி இருக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 1000 வாட் அயன் பெட்டிக்குப் பற்றரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். இப்படி வேகமாக உறிஞ்சினால் ஈயப் பற்றரி தன் முழுக் கொள்ளளவையும் தராது. அது எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி மட்டும் பெரும் மின்னோட்டம் கொடுக்க வடிவமைத்தது. நீண்ட நேரம் வடியவிட்டால் உள்ளிருக்கும் தகடுகள் கெட்டுப்போகும். பத்து நிமிட அயனுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு டசின் போன்களை நிறைக்கலாம். இரவில் நாலு வேட்டிக்கு ஆசைப்பட்டு, காலையில் வேன் கிளம்பாமல் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள். தமிழ்ப் படப்பிடிப்புகளுக்கு வரும் கேரவன்களில் குளிரூட்டியும் அயனும் ஓடுவது கூடவே வரும் ஜெனரேட்டரின் தயவால்.

அடுத்தது, கரி அயன் பெட்டி. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாளில் சிரட்டைக்கரிப் பெட்டிதான் கைகொடுக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஐந்து கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி ஒரு தரம் சூடேறினால், இலேசான மின் அயனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். தன் எடையாலேயே அழுத்தமும் தரும். ஈர வேட்டியில் வைத்தாலும் சட்டென்று ஆறாது. ஆனால் அது திறந்த வெளிக்கு உரியது. மழை பெய்கிறது, குளிருகிறது என்று வேனின் கதவையும் கண்ணாடியையும் அடைத்துக்கொண்டு உள்ளே கரி கனியவிடக் கூடாது. கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மொனொக்சைட்டு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கவும் செய்யாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒக்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது சேர்ந்துகொள்ளும். தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். வேனில் தூங்குகிற பிள்ளைகளை நினைத்தால், இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேநீர் அடுப்புக் கரிக்கும் குளிர்காயும் கரிக்கும்கூட இதே விதிதான்.

மின்சாரமும் வேண்டாம், கரியும் வேண்டாம் என்றால் பிறகு எது? காற்றுத்தான். ஊவாவின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைகளில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது ஈரம் இழந்த காற்று. இறங்க இறங்க அமுக்கம் கூடுவதால் சூடேறவும் செய்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 10 பாகை வீதம் ஏறும். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1430 மீட்டர் உயரம், வெல்லவாய சுமார் 190 மீட்டர். அப்புத்தளையில் பனிமூட்டத்தோடு 16 பாகையில் இருக்கும் காற்று வெல்லவாயவுக்கு இறங்கினால் 28 பாகை ஆகிவிடும். 16 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று 13.6 கிராம் நீராவி கொண்டாலே நிரம்பிவிடும். 28 பாகையில் அது நிரம்ப 27 கிராம் வேண்டும். ஆகவே மேலே நூற்றுக்கு நூறு ஈரத்தோடு இருந்த அதே காற்று, கீழே வரும்போது பாதிக்குச் சற்று மேல் ஈரத்தோடு, இன்னும் அவ்வளவு நீரை உறிஞ்சும் பசியோடு வந்து சேர்கிறது. கச்சான் என்று நாம் சொல்கிற காற்று இது. கொஸ்லந்தையைத் தாண்டித் தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே இறங்கும்போது வேன் ஜன்னலில் முகத்தைச் சுடுவதும் இதுதான்.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் காற்றின் பெறுமதி நன்றாகத் தெரியும். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்றில் வாடும் செடியிலிருந்துதான் உலகம் தேடி வாங்கும் ஊவாத் தேயிலையின் தனி மணம் கிடைக்கிறது. அந்த மணத்தில் மெதில் சாலிசிலேட்டு என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டும்போதும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இன்றைய காற்று எவ்வளவு நீரை எடுக்கும்? காய்ந்த வெப்பமானியும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் காட்டும் அளவுகளின் வித்தியாசத்தை வைத்துத்தான் டீ மேக்கர் அதை முடிவு செய்கிறார். கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 வரை இருக்கும் ஈரத்தைப் பல மணி நேரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் அந்த அறிவியலுக்கும், கொடியில் வேட்டி காய்வதன் அறிவியலுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. வாட்டுத் தட்டுகளில் கொழுந்து பரப்பிப் பழகிய கைகளுக்கு வேட்டி உலர்த்தும் வித்தையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதிர்காமத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாணிக்க கங்கையில் குளித்து முடித்ததும் வேட்டியையும் சட்டையையும் அலசி, முறுக்கிப் பிழியாமல் மடித்து அழுத்தித் தண்ணீரை இறக்கிவிடுங்கள். முறுக்கினால், சங்கிலிகள் இளகியிருக்கும் நேரத்தில் நாமே நூறு கோடுகளைப் போட்டதாகும். பிறகு உதறி, விளிம்புகளைக் கையால் நேராக இழுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் காற்று வரும் பக்கமாகத் தொங்கவிடுங்கள். நனைந்த துணி தன் எடைக்கு மேலான தண்ணீரைச் சுமக்கும். அந்தப் பாரமே அதைக் கீழே இழுத்து நேராக்கும். பருத்தி நனைந்தால் வலு குறையாது, கூடும். ஆகவே கொஞ்சம் பலமாகவே இழுக்கலாம். முழுதாகக் காய்வதற்குச் சற்று முன்பு எடுத்து, பாயின்மேல் விரித்து உள்ளங்கையால் தடவி மடித்து, அடியில் வைத்துவிட்டு மேலே உட்கார்ந்தால், அயனுக்கு ஈடான மடிப்பு கிடைத்துவிடும். அந்தக் காலத்திலிருந்து பாட்டிமார் பாய்க்கு அடியில் சேலை வைத்துத் தூங்கியது இதே காரணத்துக்காகத்தான்.

பையில் அடுக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தி நூலை அதன் நீளத்தில் நூற்றுக்கு 2 பங்கு இழுத்துவிட்டால் முக்கால் அளவுதான் திரும்பி வரும். 5 பங்கு இழுத்தால் பாதியும் திரும்பாது. துணியைக் கூர்மையாக மடிக்கும்போது மடிப்பின் வெளிப்பக்க நூல் இப்படித்தான் இழுபடுகிறது. அதே துணியைக் கை பருமனுக்கு உருட்டினால் இழுப்பு ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே வேட்டியையும் சட்டையையும் உருட்டிவையுங்கள். நன்கு காய்ந்த பிறகு உருட்டுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பை தானே ஓர் அயன் பெட்டியாகி, வேண்டாத இடத்தில் கோடு போட்டுவிடும்.

பயணத்துக்குக் கஞ்சி போட்ட துணி வேண்டாம். அரிசிக் கஞ்சியின் மாச்சத்து நூலின்மேல் படலமாகப் படிந்து துணியை விறைப்பாக்குகிறது. வளைய மறுக்கும் வரை அழகுதான். ஒரு தரம் வளைந்துவிட்டால் படலம் வெடித்து, அந்தக் கோடு வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் படாமல் போகவும் போகாது. நாள் முழுக்க உட்கார்ந்து வருகிறவருக்குக் கஞ்சி இல்லாத மெல்லிய வேட்டிதான் நல்லது.

எல்லாத் துணியும் பருத்தி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பொலியெஸ்டரை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கினார்கள். அது காற்றிலிருந்து தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு ஈரத்தைக்கூட எடுப்பதில்லை. பருத்தியோ எட்டுப் பங்குக்கு மேல் எடுக்கும். ஆகவே பொலியெஸ்டர் சேலைக்குத் தண்ணீர் தெளித்து ஆவதொன்றுமில்லை. அதை இளக்குவது 70 முதல் 80 பாகை வெப்பம். அந்த வெப்பத்துக்குக் கீழே அது கசங்கவும் கசங்காது, அதனால்தான் அது பயணத்துக்குத் தோதான சேலை. ஒரே ஓர் எச்சரிக்கை: கதிர்காமத்து வெயிலில் கண்ணாடி அடைத்து நிறுத்திய வேனுக்குள் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். வெயில் நேரே படும் இடத்தில் மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பொலியெஸ்டர், அந்த மடிப்பை நிலையாகப் பிடித்துக்கொள்ளக் கூடும். பையை நிழலில் வையுங்கள். அப்புத்தளைக் குளிருக்குப் போடும் கம்பளி ஸ்வெட்டரின் கதை வேறு. அது பருத்தியைவிட அதிக ஈரம் குடிக்கும். பனிமூட்டத்தில் ஓர் இரவு தொங்கவிட்டாலே தன் மடிப்புகளைத் தானே விட்டுவிடும்.

அயனே தேவையில்லாத பருத்தியும் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் நியூ ஓர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனெரிட்டோ என்ற வேதியியலாளர் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் அதற்கு வழி திறந்தன. செல்லுலோஸ் சங்கிலிகளை, தண்ணீர் பிரிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் நம்பி விடாமல், தண்ணீரால் பிரிக்க முடியாத சிறு மூலக்கூற்றுப் பாலங்களால் இணைத்துவிடுவதுதான் அந்த வழி. துணி நனைந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். பதிலுக்கு அது கொஞ்சம் வலு இழக்கும், விரைவில் கிழியும். வருடத்துக்கு ஓரிரு சட்டை வாங்கும் குடும்பத்துக்கு அது நல்ல பேரமா என்று எனக்கு ஐயம் உண்டு.

இவ்வளவும் ஆடி மாதத்துக்குச் சரி. வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்ட நவம்பர், டிசம்பரில் கதை மாறிவிடும். பசறையிலும் நமுனுகுலவிலும் நாட்கணக்கில் வெயில் தலைகாட்டாது. காற்றே நிரம்பியிருக்கும்போது கொடியில் போட்ட துணி எங்கே காயும்? பாடசாலை உடுப்போ வெள்ளை. விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய், அதற்கு முன்பே எழுந்து ஈரச் சட்டையை அயனால் காய வைக்கிறாள். அதன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் சட்டையில் 40 கிராம் தண்ணீர் மிச்சமிருந்தால் அதைச் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 100 கிலோயூல் வேண்டும். 1000 வாட் அயன் விடாமல் ஐந்து நிமிடம் ஓடினால் 300 கிலோயூல் செலவாகும். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது. சட்டையில் 100 கிராம் தண்ணீர் இருந்தால் அயன் பெட்டி முழுக்க முழுக்க அடுப்பாகிவிடும். இரவிலேயே சட்டையைக் காய்ந்த துவாயில் சுருட்டி மிதித்து நீரை எடுத்துவிட்டு, அடுப்படிச் சூட்டுக்கு எட்டத்தில், புகை படாத இடத்தில் தொங்கவிட்டால், காலையில் அயன் செய்ய வேண்டியது மடிப்பெடுப்பது மட்டும்தான்.

லயத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரைக்குக் கீழே சுவரோடு சுவராக நிற்கின்றன. ஒன்றில் பிடித்த தீ மற்றவற்றுக்குத் தாவ அதிக நேரம் எடுக்காது. 230 வோல்ட்டில் 1000 வாட் அயன் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 5 ஆம்பியர் உருண்டை முள் பிளக்கின் எல்லைக்கு அது மிக அருகில் இருக்கிறது. அதே நீட்டிப்பு வயரில் கேத்தலையும் மாட்டினால் எல்லை தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றும்போது கையில் சூடு தட்டினால், உள்ளே தொடுப்பு தளர்ந்து தடை கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொக்கெட்டில் அதற்குப் பிறகு அயனைப் போடவே கூடாது. அயனுக்குச் சுவரில் தனியாக ஒரு 13 ஆம்பியர் சொக்கெட், சரியான பருமனில் வயர், ஒழுக்கு மின்னோட்டம் கண்டால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை ஒவ்வொரு காம்பராவிலும் இருக்க வேண்டியவை. தோட்டத்து வீடமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூரைத் தகட்டைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்த வயரைப் பற்றியும் பேச வேண்டும்.